எண்ணெய், மின்துறைகளில் கணிப்பொறி: நம் பிள்ளைகள் ஆயத்தமா?

இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை உங்கள் இல்லத்திற்கு வந்து, வாசற்புறம் மாட்டப்பட்டிருக்கும் மீட்டரை அண்ணாந்து பார்த்து, ஓடியிருக்கும் யூனிட்டுகளைக் குறித்துச் செல்லும் மின்வாரியக் கணக்கீட்டாளரை நீங்கள் நன்கறிவீர்கள். வெயிலில் வந்தவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தவர்களும், இந்த முறை கட்டணம் ஏன் இவ்வளவு என்று அவரிடமே வாதிட்டவர்களும் உங்களுள் இருக்கக்கூடும். இன்னும் சில ஆண்டுகளில் அவர் உங்கள் தெருவிற்கு வர வேண்டிய தேவை இராது. 2021 ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம், நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவதைத் தன் இலக்காகக் கொண்டது. அரைமணிக்கு ஒரு முறையோ கால்மணிக்கு ஒரு முறையோ எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்பதை அந்த மீட்டர் தானே பதிவு செய்து, கைப்பேசி அலைவழியாகவோ வானொலி அலைவழியாகவோ அலுவலகத்திற்கு அனுப்பிவிடும். ஏணியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம்.

ஆயின், வேலையே இல்லாமற் போயிற்று என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். ஆயிரம் மீட்டர்களுள் முப்பது மீட்டர்களிலிருந்து இன்று செய்தி வரவில்லை என்று திரை காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். காரணம் என்ன? அலை கிட்டாத இடமா? மீட்டரின் உள்ளிருக்கும் தகவல்தொடர்புப் பொறியில் கோளாறா? அல்லது யாரேனும் கம்பியை மாற்றிக் கட்டியிருக்கிறார்களா? இதைக் கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும். அவர் திரையில் உள்ள எண்களையும் வாசிக்க வேண்டும், கம்பத்திலும் ஏற வேண்டும். பழைய கணக்கீட்டாளருக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் அவரே அந்த வேலையைச் செய்வார். கொடுக்காவிட்டால் வேறொருவர் வந்து அமர்வார். இத்துறையில் நடக்கும் மாற்றத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதை இந்த இதழின் வாசகர்களுக்கு ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று நம் ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போங்கள். அங்குள்ள இல்லங்களில் வாப்பாவோ, மாமாவோ, மச்சானோ ஒருவராவது வளைகுடா நாடு ஒன்றில் பிழைப்புக்காகச் சென்று தங்கியவராக இருப்பார். கடைகளில் பணியாற்றியவர்கள் பலர். ஆனால் ஜுபைல், ருவைஸ், ராஸ் லஃபான், ஷுவைபா போன்ற இடங்களின் எண்ணெய், எரிவாயு, மின் நிலையங்களில் எலெக்ட்ரீஷியனாகவும், வெல்டராகவும், கருவிப் பராமரிப்பாளராகவும் உழைத்து வீடு கட்டியவர்களும், தங்கைமாரைக் கரையேற்றியவர்களும் சிலரல்லர். அவர்களுடைய மக்கள் இப்போது பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வாப்பா செய்த அதே வேலை, அதே வடிவில், அதே ஊதியத்தில் மகனுக்காகக் காத்திருக்கும் என்று எண்ணுவது பேதைமை.

சுவரிலிருந்து திரைக்கு

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சுத்திகரிப்பாலையின் கட்டுப்பாட்டு அறைக்குள் நீங்கள் நுழைந்திருந்தால், சுவர் முழுவதும் வட்ட வட்டமான முள் காட்டிகளையும், மையினால் கோடு வரைந்துகொண்டே சுழலும் காகிதச் சுருள்களையும் கண்டிருப்பீர்கள். குழாய்களின் வழியே காற்றழுத்தமே செய்தியாகச் சென்றது. 3 பவுண்டு அழுத்தம் என்றால் கீழெல்லை, 15 பவுண்டு என்றால் மேலெல்லை. பின்னர் காற்றின் இடத்தை மின்னோட்டம் பிடித்தது. 4 மில்லி ஆம்பியர் கீழெல்லை, 20 மில்லி ஆம்பியர் மேலெல்லை. ஒரு தொட்டி சரிபாதி நிரம்பியிருந்தால் கம்பியில் 12 மில்லி ஆம்பியர் ஓடும்.

கீழெல்லை சுழியாக இல்லாமல் ஏன் நான்காக வைக்கப்பட்டது தெரியுமா? தொட்டி வெறுமையாக இருந்தாலும் 4 மில்லி ஆம்பியர் வந்துகொண்டிருக்க வேண்டும். சுழி வந்தால் தொட்டி வெறுமை என்று பொருளன்று. கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். "ஒன்றுமில்லை" என்ற செய்திக்கும் "செய்தியே இல்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு எளிய ஏற்பாட்டினால் பிரித்துக் காட்டினார்களே, அந்தப் பொறியாளர்களின் கூர்மையை நான் வியக்காத நாளில்லை. இன்றும் உலகெங்கும் ஆலைகளில் இம்முறையே பெருவழக்கு. அதே கம்பியின் மீதே கணிப்பொறிச் செய்தியையும் ஏற்றி அனுப்பும் 'ஹார்ட்' என்னும் முறையும் கூடவே உண்டு.

1975 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் 'டி.டி.சி. 2000' என்ற அமைப்பையும், ஜப்பானின் யோகோகாவா நிறுவனம் 'சென்டம்' என்ற அமைப்பையும் வெளியிட்டன. சுவரிலிருந்த முள்காட்டிகள் கணிப்பொறித் திரைக்குள் குடிபெயர்ந்தன. டி.சி.எஸ். என்று நம் வளைகுடாச் சகோதரர்கள் வாய்க்கு வாய் சொல்வது இதைத்தான். பரந்து கிடக்கும் மின்கம்பிகளையும் துணைமின் நிலையங்களையும் தொலைவிலிருந்தே கண்காணித்து இயக்கும் அமைப்புக்கு 'ஸ்காடா' என்று பெயர். ஒரு பொறியையோ, ஒரு பம்பையோ இன்ன வரிசையில் ஓடு, இன்ன நேரத்தில் நில் என்று ஆணையிடும் சிறு கணிப்பொறிக்குப் பி.எல்.சி. என்று பெயர். இம்மூன்று பெயர்களையும் இன்று ஊர்தோறும் விளம்பரப் பலகைகளில் காண்கிறோம். மூன்று மாதத்தில் கற்றுத் தருகிறோம், வெளிநாட்டு வேலை உறுதி என்று வாக்களிக்கிறார்கள். அவற்றைப் பற்றிப் பின்னர் பேசுவோம். அதற்கு முன், திரையின் முன் அமர்ந்தவர்களுக்கு நேர்ந்த சிலவற்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

திரை சொன்னதும் கோபுரத்தில் இருந்ததும்

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டி என்னும் ஊரிலுள்ள பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை. பராமரிப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு பிரிவை அன்று மீண்டும் ஓடவிட்டார்கள். 170 அடி உயரமுள்ள ஒரு கோபுரத்தில் திரவத்தைச் செலுத்திச் சூடாக்க வேண்டும். கோபுரத்தின் அடிப்பகுதியில் மட்டுமே திரவம் நிற்க வேண்டும். மட்டம் காட்டும் கருவியும் அந்த அடிப்பகுதியை அளப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. திரவமோ உள்ளே சென்றுகொண்டே இருந்தது. வெளியேறும் வழி திறக்கப்படவில்லை. மட்டம் கருவியின் எல்லையைக் கடந்து மேலேறியது. கருவி தவறாக வாசிக்கத் தொடங்கியது. உயர்மட்ட எச்சரிக்கை மணிகளுள் ஒன்று ஒலிக்கவே இல்லை. கோபுரத்திற்குள் 158 அடி உயரத்திற்குத் திரவம் நின்ற வேளையில், மட்டம் மெல்லக் குறைந்து வருவதாகத் திரை காட்டிக்கொண்டிருந்தது!

பிற்பகலில் திரவம் பீறிட்டு வெளியேறித் தீப்பற்றி வெடித்தது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். மாண்டவர் அனைவரும் அருகிலிருந்த தற்காலிக அலுவலக வண்டிகளிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். அந்தக் கோபுரத்தை ஓடவிடும் வேலையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. வளைகுடாவில் நம்மவர்கள் பெரும்பாலும் எந்த நிலையில் பணிபுரிகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இச்செய்தியின் சுமை உங்களுக்கு விளங்கும்.

அமெரிக்க அரசின் வேதியியல் பாதுகாப்பு வாரியம் ஈராண்டு ஆராய்ந்து 2007 இல் அறிக்கை வெளியிட்டது. அதில் கண்டவற்றுள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஒரே பணியாளர் மூன்று பிரிவுகளின் திரைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. அவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமாகத் தொடர்ந்து 29 நாட்கள் பணியில் இருந்தவர். உள்ளே எவ்வளவு செல்கிறது என்பது ஒரு திரையிலும், வெளியே எவ்வளவு வருகிறது என்பது மற்றொரு திரையிலும் இருந்தமையால் இரண்டையும் ஒருங்கே பார்த்து 'கணக்கு உதைக்கிறதே' என்று உணரும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. அந்த ஆலையின் பயிற்சித் துறையில் இருந்த 28 பேர் 8 பேராகக் குறைக்கப்பட்டிருந்தனர். ஆலையை நிறுத்துதல், ஓடவிடுதல் போன்ற அபாயமான, அரிதான வேளைகளைப் பழகிப் பார்ப்பதற்கான மாதிரிப் பயிற்சிப் பொறி, அதாவது சிமுலேட்டர், இயக்குநர்களுக்குக் கிடைக்கவில்லை.

கணிப்பொறியைத் தட்டத் தெரியாததால் அந்த விபத்து நேரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவருக்குத் திரை நன்றாகவே பழக்கம். திரை பொய் சொல்லும்போது அதைப் பொய் என்று அறியும் பயிற்சியே இல்லாதிருந்தது. உள்ளே இவ்வளவு சென்றிருக்கிறது, வெளியே எதுவும் வரவில்லை, அப்படியானால் மட்டம் எப்படிக் குறையும் என்ற கேள்வியை எழுப்பும் பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் டிஜிட்டல் திறன் என்று நான் சொல்வேன். சுட்டெலியைப் பிடிப்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

எச்சரிக்கைகள் அளவுக்கு மீறி வந்தாலும் அபாயமே. பிரிட்டனில் மில்ஃபோர்ட் ஹேவன் என்னுமிடத்தில் 1994 ஜூலை 24 அன்று ஒரு சுத்திகரிப்பாலை வெடித்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு பணியாளர்களின் முன் வந்து குவிந்த எச்சரிக்கைகள் 275. எதைப் பார்ப்பது, எதை விடுவது? அதன் பிறகுதான், ஒருவரால் நிதானமாகக் கவனித்துச் செயற்படக் கூடியது ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஓர் எச்சரிக்கையே என்ற அளவுகோல் தொழில்துறையில் வகுக்கப்பட்டது.

மணி ஒலிக்காத பிற்பகல்

மின்துறையில் இதற்கு நிகரான ஒன்று 2003 ஆகஸ்ட் 14 அன்று நடந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. பிற்பகல் 2 மணி 14 நிமிடத்திற்குப் பிறகு, அந்த அறையின் கணிப்பொறியில் எச்சரிக்கை தரும் மென்பொருள் ஓசையின்றி முடங்கிவிட்டது. திரை அணையவில்லை, படங்கள் தெரிந்துகொண்டுதான் இருந்தன. எச்சரிக்கை மட்டும் வரவில்லை. எச்சரிக்கை வராததால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று இயக்குநர்கள் எண்ணினார்கள். 4 மில்லி ஆம்பியர் கதையை இங்கே நினைவுகூருங்கள். அந்தப் பழைய கம்பிக்கு இருந்த விவேகம் புதிய மென்பொருளுக்கு இல்லாமற் போயிற்று.

3 மணிக்குப் பின் மின்பாதைகள் ஒவ்வொன்றாக மரக்கிளைகளில் உரசித் துண்டித்துக்கொண்டன. மற்ற நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோதும் இயக்குநர்களுக்கு முழு நிலை புலப்படவில்லை. கணிப்பொறிப் பிரிவினர் சர்வர் விழுந்ததை அறிந்திருந்தார்கள், மீண்டும் ஓடவிட்டார்கள். எச்சரிக்கை அமைப்பு உயிர்பெற்றதா என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்டு உறுதி செய்யவில்லை. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பிரிவினர். 4 மணி 13 நிமிடத்திற்குள் நியூயார்க் முதல் கனடாவின் ஒன்டாரியோ வரை ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர்.

இரு நாட்டு ஆய்வுக்குழு இதை அலசியபோது, கிளை வெட்டாததும் மென்பொருள் பழுதும் மட்டுமல்லாது, தங்கள் மின்கட்டமைப்பின் நிலையை இயக்குநர்கள் போதிய அளவு அறிந்திராமையையும் பயிற்சிக் குறைவையும் சுட்டிக்காட்டியது. அதுவரை விருப்பத்தின் பேரில் பின்பற்றப்பட்ட நம்பகத்தன்மை விதிகளை 2005 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிற்று. இயக்குநர்களுக்கு முறைப்படியான பயிற்சியும் அவ்விதிகளுள் அடங்கும். நம் நாட்டிலும், மின்நிலையங்களை இயக்கிப் பராமரிப்போர் குறித்த பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் விதித்தன.

பகைவன் உள்ளே வந்தால்

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று இணைந்தபின் புதிய தொல்லை ஒன்று சேர்ந்துகொண்டது. 2012 ஆகஸ்ட் 15. சவூதி அரேபியாவில் ரமலான் பிறை 27. பணியாளர் பலரும் விடுப்பில் இருந்த அந்நாளில் சவூதி அராம்கோ நிறுவனத்தின் அலுவலகக் கணிப்பொறிகளுக்குள் புகுந்திருந்த 'ஷமூன்' என்னும் தீநிரல் விழித்துக்கொண்டது. ஏறத்தாழ 30,000 கணிப்பொறிகளின் உள்ளடக்கம் அழிந்தது. எண்ணெய்க் கிணறுகளையும் ஆலைகளையும் இயக்கும் கணிப்பொறிகள் அலுவலக இணைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் எண்ணெய் உற்பத்தி தப்பியது. அலுவலகமோ காகிதத்திற்கும் தொலைநகலுக்கும் திரும்ப நேர்ந்தது. உலகின் எண்ணெயில் பெரும்பங்கை விற்கும் நிறுவனம் தட்டச்சுப் பொறியைத் தேடிய நாட்கள் அவை.

உக்ரைன் நாட்டில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்தது இதனினும் நுட்பமானது. மின்பகிர்மான நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், இயக்குநரின் கை படாமலேயே திரையில் அம்புக்குறி நகர்ந்தது. துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மின்சாரத்தை நிறுத்திற்று. மூன்று நிறுவனங்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தனர். பல மாதங்களுக்கு முன் ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல் ஒன்றில் இணைக்கப்பட்டிருந்த கோப்பைத் திறந்ததே பகைவர் நுழைந்த வாசல்.

ஆனால் சில மணி நேரத்திலேயே விளக்குகள் எரிந்தன. எப்படி? பணியாளர்கள் வண்டி ஏறித் துணைமின் நிலையங்களுக்குச் சென்று, கணிப்பொறியைப் புறக்கணித்துவிட்டு, கையினாலேயே பிரேக்கர்களை மூடினார்கள். அந்தப் பழைய திறன் அவர்களிடம் இன்னும் மறையாமல் இருந்தது. இனிமேல் எல்லாம் கணிப்பொறிதான், கைவேலை எதற்கு என்று பேசுகிறவர்களிடம் இந்த நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். நாற்பத்தைந்து வயது வயர்மேனுக்குத் திரையைப் பழக்குவது எவ்வளவு தேவையோ, இருபது வயதுத் திரைக்காரனுக்குப் பிரேக்கரைப் பழக்குவதும் அவ்வளவு தேவை. மின்னஞ்சல் இணைப்பைத் திறக்குமுன் ஒரு நொடி தயங்குவது இருவருக்கும் தேவை.

நம் ஊர்ப்புறத்தில்

இராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்கு அருகே 2016 இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின்நிலையம் 648 மெகாவாட் திறனுடையது. ஏறத்தாழ 25 லட்சம் சூரியத் தகடுகள். அதைக் கட்டி எழுப்பிய மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தனர். இன்று தகடுகளில் படியும் தூசியைத் துடைப்பவை தானியங்கிப் பொறிகள். துடைப்பத்தோடு நின்றிருக்க வேண்டிய நூற்றுக்கணக்கானோரின் வேலையை அவை செய்கின்றன. அந்தப் பொறி நின்றுபோனால் அதைச் சரிசெய்கிறவனுக்கும், எந்த வரிசைத் தகடு இன்று குறைவாக மின்சாரம் தருகிறது என்று எண்களைப் பார்த்துச் சொல்கிறவனுக்கும் அங்கே வேலை உண்டு. தலைகளின் எண்ணிக்கை குறைகிறது, கேட்கப்படும் அறிவு கூடுகிறது. இதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுவதே நேர்மை.

வீட்டுக் கூரைகளின் கதை வேறு. ஒரு கோடி இல்லங்களின் கூரையில் சூரியத் தகடு அமைப்பதென 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திட்டம் தொடங்கியது. இங்கே ஊர்தோறும் ஆட்கள் வேண்டும். தகட்டை முடுக்கிக் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. இன்வெர்ட்டரை வீட்டு இணையத்தோடு இணைக்க வேண்டும், கைப்பேசிச் செயலியில் அன்றன்றைய உற்பத்தியை வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும், பழுதுக் குறியீடு வந்தால் அதன் பொருளைச் சொல்ல வேண்டும். தகடு மாட்டத் தெரிந்து இவை தெரியாதவர் பாதி எலெக்ட்ரீஷியன்.

பயிற்சிக்கு எங்கே போவது? நம் வாசலுக்கு அருகிலேயே சில கதவுகள் இருக்கின்றன. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எலெக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவுகளை எல்லோரும் அறிவர். அவற்றோடு இரண்டாண்டு இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் பிரிவும் ஓராண்டு சோலார் டெக்னீஷியன் பிரிவும் உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. தமிழக அரசு டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் 2022 இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் புதிய பொறிகளுடன் தரம் உயர்த்தப்பட்டன. ரோபோ இயக்கமும், ஆலைகளின் தானியங்கிக் கட்டுப்பாடும் அங்கே பாடமாயின. நெய்வேலியில் 1965 முதல் இயங்கிவரும் தேசிய மின்துறைப் பயிற்சி நிறுவனம் பொறியாளர்களுக்கும் டிப்ளமோ படித்தோருக்கும் மின்நிலைய இயக்கத்தைக் கற்பிக்கிறது. காற்றாலைத் துறைக்குச் சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. சூரிய மின்சாரத்திற்கென மத்திய அரசின் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015 இல் தொடங்கிய 'சூர்யமித்ரா' பயிற்சி 600 மணி நேரம், மூன்று மாதம் என்ற அளவில் அமைந்தது.

வளைகுடாவின் வாசலிலும் தேர்வு வந்துவிட்டது. சவூதி அரசு தன் நாட்டிற்கு வரும் தொழிலாளர்களின் திறனை அவர்கள் புறப்படும் நாட்டிலேயே சோதிக்கும் திட்டத்தை 2022 இறுதியில் இந்தியாவில் தொடங்கியது. எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், குளிர்சாதனத் தொழில்நுட்பர், வாகன எலெக்ட்ரீஷியன் ஆகிய ஐந்து தொழில்கள் முதலில் சேர்க்கப்பட்டன. கேள்விகளுக்குக் கணிப்பொறியின் முன் அமர்ந்து விடையளிக்க வேண்டும். பிறகு பட்டறையில் செய்து காட்ட வேண்டும். இருபது ஆண்டுகள் கை தேய உழைத்த ஒருவர், திரையில் வரும் வினாவை எதிர்கொள்ளத் தெரியாமல் விசாவை இழந்தால் அது அவருடைய தொழிலறிவின் குறையன்று. ஆயினும் இழப்பு இழப்புதான். அத்தகையவர்களுக்கு நம் ஊர்ப் பொதுநல அமைப்புகள், திருமண மண்டபங்களுக்கும் விழா மேடைகளுக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, மாலை நேரங்களில் நான்கு கணிப்பொறிகளை வைத்துப் பழக்கிக் கொடுக்கலாம். பெரிய செலவன்று.

விளம்பரப் பலகையை நம்புமுன்

இப்போது அந்த மூன்று மாதப் பயிற்சிக் கூடங்களுக்கு வருவோம். அவற்றுள் நல்லவை உண்டு. கணிப்பொறியில் படங்காட்டிவிட்டுச் சான்றிதழ் அச்சடித்துத் தருபவையும் உண்டு. பணம் கட்டுமுன் உள்ளே சென்று பாருங்கள். மேசை மீது உண்மையான பி.எல்.சி. இருக்கிறதா, அல்லது திரையில் அதன் படம் மட்டும்தானா? ஓர் அழுத்தமானியை உங்கள் முன்னிலையில் கழற்றி, 4 முதல் 20 வரை அளவு சரிபார்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கம்பியை உருவிவிட்டு, என்ன பழுது என்று மாணவனைக் கண்டுபிடிக்கச் சொல்வார்களா என்று கேளுங்கள். கற்பிப்பவர் எந்த ஆலையில், எத்தனை ஆண்டு பணிபுரிந்தவர் என்று விசாரியுங்கள். எத்தனை மாணவருக்கு ஒரு பயிற்சிப் பலகை என்று கேட்க மறவாதீர்கள். விடை சொல்லத் தயங்குகிற இடத்தில் பணப்பையைத் திறக்க வேண்டாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். திரையில் 'ஹை', 'ஹை-ஹை', 'லோ', 'லோ-லோ' என்று வரும் எச்சரிக்கைகளையும், 'டிரிப்', 'பைபாஸ்', 'இன்டர்லாக்' போன்ற சொற்களையும் தமிழில் விளக்கிப் புரியவைக்கும் ஆசிரியரே நல்ல ஆசிரியர். 'இன்டர்லாக்' என்றால் ஒரு கதவு மூடாமல் மறு கதவு திறக்காதபடி செய்த ஏற்பாடு என்று தமிழில் சொன்னால் பையன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். ஆங்கிலப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவன் அதை 'பைபாஸ்' செய்வதில் உள்ள அபாயத்தை உணர மாட்டான்.

பெண்மக்களுக்கு இத்துறை ஆகாது என்று ஒதுக்கிவிடும் பெற்றோருக்கும் ஒன்று சொல்லலாம். கம்பம் ஏறும் காலத்தில் அப்படி எண்ணினீர்கள். மீட்டர்களிலிருந்து வந்து குவியும் எண்களை ஆராய்வதும், காற்றாலைகளின் உற்பத்தியை முன்கூட்டிக் கணிப்பதும், கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து கண்காணிப்பதும் கூரையின் கீழ் நடக்கும் பணிகள். எலெக்ட்ரிக்கல் அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்த மகள் இவற்றைச் செய்யலாம்; இரவுப் பணி முறை உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்க்கைக்கான அறிவிப்பு ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவுகளையொட்டி வெளியாகிறது. விண்ணப்பம் இணையத்தின் வழியே அளிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை முன்னரே எடுத்து வைத்திருங்கள். பயிற்சிக் கட்டணம் இல்லை. விருப்பப் பிரிவுகளை வரிசைப்படுத்தச் சொல்லும் இடத்தில் பெரும்பாலோர் எலெக்ட்ரீஷியன் என்று முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைப் படிக்காமலேயே கடந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை முழுவதும் படியுங்கள். இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் பிரிவு உங்கள் மாவட்டத்தில் இல்லையென்றால் அடுத்த மாவட்டத்தில் எந்த நிலையத்தில் இருக்கிறது என்று பார்த்து, அங்கே விடுதி உண்டா என்று ஒரு தொலைபேசி செய்து கேட்டுவிட்டுப் பிறகு வரிசையை எழுதுங்கள்.